டாரன்ட்டில் மறைவிடம் இல்லை

பிட்டாரன்ட் முறையில் ஒரு கோப்பு ஏதோ ஒரு சர்வரிலிருந்து முழுதாக வந்து சேர்வதில்லை. அதை வைத்திருக்கும் கணினிகளும் கேட்கும் கணினிகளும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட இந்த முறையில், கேட்பவர்கள் பெருகப் பெருகக் கொடுப்பவர்களும் பெருகுகிறார்கள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் இன்றும் இந்த வழியில் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

துண்டைக் கொடுக்கவும் வாங்கவும் முகவரி தெரிய வேண்டும். ஆகவே கூட்டத்தில் சேரும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரிகிறது. டாரன்ட் செயலியில் 'பியர்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் போதும்: வரிசையாக ஐபி எண்கள், பக்கத்தில் நாட்டுக் கொடி, செயலியின் பெயர், யாரிடம் எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு. பதிப்புரிமையாளர்களுக்காகக் கண்காணிப்பவர்களும் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்து இதே பட்டியலைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். அந்த எண் அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்பதை இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேடு சொல்லிவிடும். பதிவிறக்கம் நடக்கும்போதே பதிவேற்றமும் நடப்பதால், 'எடுத்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை' என்ற வாதம் எடுபடுவது கடினம். செயலியில் உள்ள என்கிரிப்ஷன் வசதியும் இங்கே உதவாது. கூட்டத்தில் இருப்பவர்களிடமிருந்து அது எதையும் மறைப்பதில்லை.

இணையப் போக்குவரத்தை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவையைப் போட்டால், கூட்டத்தின் கண்ணுக்கு அந்த நிறுவனத்தின் முகவரி மட்டுமே தெரியும். ஆனால் நம்பிக்கை இடம் மாறுகிறதே தவிர, நம்ப வேண்டிய தேவை மறைவதில்லை. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதனால் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களையே அகற்றிவிட்டன. இன்னொரு சிக்கல், விபிஎன் இடையில் அறுந்தால் செயலி சத்தமில்லாமல் சொந்த முகவரிக்குத் திரும்பிவிடும். அப்படி அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்' வசதியை விபிஎன்னில் இயக்கி வைப்பதோடு, க்யூபிட்டாரன்ட் செயலியின் 'அட்வான்ஸ்டு' அமைப்பில் 'நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தில் விபிஎன்னை மட்டும் தேர்ந்தெடுப்பது உறுதியான தடுப்பு. முகவரியை மறைக்க உதவும் டோர் வலையமைப்பும் இதற்கு ஏற்றதல்ல. டோர் வழியாகப் போனாலும் சில செயலிகள் அனுப்பும் தகவலுக்குள்ளேயே உண்மையான முகவரி இருப்பதை டோர் திட்டத்தினரே 2010-இல் விளக்கி எச்சரித்தார்கள். எந்த வழியில் போனாலும் திருட்டுப் படம் திருட்டுப் படம்தான்; விபிஎன் அதைச் சட்டப்படியானதாக மாற்றாது.

வந்து சேரும் ஒவ்வொரு துண்டையும் செயலி, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் எண்ணால் சரிபார்க்கிறது. இதைப் பாதுகாப்புச் சான்று என்று நினைப்பது பெரிய தவறு. டாரன்ட்டை உருவாக்கியவர் வைத்தது மாறாமல் வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அவர் வைரஸ் வைத்திருந்தால் வைரஸ் பழுதில்லாமல் வந்து சேரும். 'படம்.எம்பி4' என்று தெரியும் கோப்பின் முழுப்பெயர் 'படம்.எம்பி4.எக்ஸ்இ' என்று இருக்கலாம். விண்டோஸ் வழக்கமாகக் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால், அதைக் காட்டும்படி அமைப்பை மாற்றி வைப்பது அவசியம். கடவுச்சொல் கேட்டு வேறொரு தளத்துக்கு அனுப்பும் சுருக்கக் கோப்புகளைத் திறக்காமல் அழித்துவிடுவதே நல்லது. லினக்ஸ் தொகுப்பு என்றால், அதிகாரபூர்வத் தளம் வெளியிட்டுள்ள ஷா-256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செயலியே தொற்றைக் கொண்டுவந்ததும் உண்டு. 2016 மார்ச்சில் மேக் கணினிகளுக்கான டிரான்ஸ்மிஷன் என்ற டாரன்ட் செயலியின் 2.90 பதிப்பில் கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரல் நுழைந்திருந்தது, அதுவும் அதன் சொந்தத் தளத்திலேயே. மூன்று நாள் அமைதியாக இருந்து, பிறகு கோப்புகளைப் பூட்டி ஒரு பிட்காயின் கேட்டது. கணினியோடு இணைக்காமல் தனியே வைத்த பேக்கப்தான் அத்தகைய நேரத்தில் கைகொடுக்கும்.

டாரன்ட் அல்லாத சோல்சீக், ஈமியூல் போன்ற பகிர்வுச் செயலிகள் ஃபோல்டரையே பகிர்பவை. இந்த வகையில் ஆபத்து வேறு: நிறுவும்போது 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரைக் காட்டிவிட்டால் வருமான வரிக் கணக்கும் ஆதார் நகலும் தேடலில் வந்துவிடும். ஊழியர், வாடிக்கையாளர் விவரங்கள் இப்படிக் கசிந்திருப்பதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2010-இல் ஏறக்குறைய 100 அமைப்புகளுக்குக் கடிதம் அனுப்ப நேர்ந்தது. பகிர்வதற்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை வைத்து, அதை மட்டுமே செயலிக்குக் காட்ட வேண்டும். சன்னலை மூடினாலும் பல செயலிகள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி ஓடிக்கொண்டே இருக்கும். 'எக்ஸிட்' கொடுத்த பிறகுதான் பகிர்வு நிற்கிறது.