பழைய மென்பொருளைக் கைவிடாத சிப்

1990களின் இறுதியில் சர்வர் கணினிகளை நினைவகப் பற்றாக்குறை நெருக்கியது. 32 பிட் முகவரியால் எட்டக்கூடிய நினைவகம் 4 ஜிபிதான். தரவுத்தளங்களோ அதைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தன. 64 பிட்டுக்கு மாறியே ஆக வேண்டும். எந்த வழியில் மாறுவது?

சிப் சந்தையை ஆண்ட இன்டெல், எச்பியுடன் சேர்ந்து 1994-லேயே முற்றிலும் புதிய கட்டமைப்பில் இறங்கிவிட்டது. 2001-ல் இட்டானியம் வந்தது. எந்தெந்தக் கட்டளைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றலாம் என்பதை, நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரே முன்கூட்டித் தீர்மானித்துவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பொறுப்பைக் கம்பைலர்களால் சுமக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று: நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த, எக்ஸ்86 என்ற பழைய கட்டமைப்புக்கான மென்பொருள்கள் அதில் தள்ளாடித்தான் ஓடின.

இட்டானியம் வென்றிருந்தால், எக்ஸ்86 சிப்புகளை நம்பிப் பிழைத்த ஏஎம்டிக்குப் போக்கிடமே இல்லை. 1999-ல் அது தன் பாதையை அறிவித்தது: எக்ஸ்86-ஐயே 64 பிட்டுக்கு நீட்டுவது. சிப்புக்குள் தரவை வைத்துக் கையாளும் பொதுப் பதிவகங்கள் 8-லிருந்து 16 ஆகும். பழைய 32 பிட் நிரல்களும் மாற்றமின்றி முழு வேகத்தில் ஓடும். விரும்பியபோது 64 பிட்டுக்கு மாறிக்கொள்ளலாம், அவசரமில்லை. புதுமை மோகம் உச்சத்திலிருந்த காலத்தில், வாடிக்கையாளரின் பழைய முதலீட்டை மதித்த இந்த நிதானத்தைத்தான் ஏஎம்டியின் மிகத் துணிச்சலான முடிவாக நான் கருதுகிறேன்.

2003 ஏப்ரலில் இந்த வழியில் உருவான ஏஎம்டியின் சர்வர் சிப்பான ஆப்டெரான் வெளிவந்தது. நினைவகக் கட்டுப்பாட்டு அமைப்பையும் சிப்புக்குள்ளேயே வைத்திருந்ததால் தரவு வந்துசேரும் தாமதம் குறைந்தது. சர்வர்களில் அதன் பலன் கண்கூடாகத் தெரிந்தது. மைக்ரோசாஃப்டும் இந்தக் கட்டமைப்பை ஆதரித்தது. 2004-ல் இன்டெல்லே இதற்கு இணக்கமான 64 பிட் வசதியைத் தன் ஜியான் சிப்புகளில் சேர்த்தது. வழிகாட்டியவன் பின்தொடர வேண்டியதாயிற்று.

ஆனால் பணம் அதே வழியில் வரவில்லை. கணினி நிறுவனங்களைத் தன் சிப்புகளை வாங்கவிடாமல் இன்டெல் தடுக்கிறது என்று 2005-ல் ஏஎம்டி வழக்குத் தொடுத்தது. 2009-ல் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது. 2006-ல் வந்த கோர் 2 சிப்புகளால் இன்டெல் மீண்டும் முந்தியிருந்தது. அதே ஆண்டு வரைகலைச் சிப் நிறுவனமான ஏடிஐயை வாங்கியதில் ஏஎம்டியின் கடன் ஏறியிருந்தது. எக்ஸ்86 கணினிகளுக்கெல்லாம் 64 பிட் பாதை போட்ட நிறுவனம், 2009-ல் தன் சிப் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துக் கொடுத்தது.