சாவியைத் தொடாதீங்க பாஸ்!

2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கும் மேல மழை! மறுநாள் கிருஷ்ணா நகர்ல ஜனங்களை மீட்க ராணுவமே வந்தது. தண்ணியில நின்ன கார்களை?

வெள்ளம் வடிஞ்சதும், 'ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமே'னு கை பரபரக்கும். அங்கேதான் வில்லங்கம்! காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினா, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணினாலும் அதே கதிதான்.

ஸோ, முதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. ஈரமா இருக்கா? இன்ஜின் ஆயில் பால் காபி கலர்ல இருக்கா? ரெக்கவரி வண்டியில ஏத்தி மெக்கானிக்கிட்ட அனுப்பிடுங்க. ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி, தண்ணியை வெளியேத்தின பிறகுதான் ஸ்டார்ட்டிங் எல்லாம்.

மழையே இல்லாத நாள்ல மக்கர் பண்ணுதா? காதைத் தீட்டுங்க. வெறும் 'டக் டக்' சத்தம்னா பெரும்பாலும் பேட்டரி வீக். செல்ஃப் நல்லா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலையா? பெட்ரோல் வரலை, இல்லேன்னா ஸ்பார்க் வரலை.

கடைசியா ஒண்ணு. தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி உடைச்சா, சாதாரண இன்ஷூரன்ஸ்ல பெரும்பாலும் பணம் கிடைக்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' தனியா எடுத்திருக்கணும். அடுத்த மழைக்கு முன்னாடி அப்பாகிட்ட பாலிசியை வாங்கிப் படிச்சிடுங்க!