நெடுஞ்சாலையோரத்து நித்திரை

அரிஸோனா மாநிலத்தின் வறண்ட பீடபூமியில் பகல் முழுவதும் பிரயாணம் செய்து, அஸ்தமனமாகி வெகு நேரத்திற்குப் பின், 40ஆம் எண் நெடுஞ்சாலையை அடுத்த ஒரு சிற்றூரில், குறைந்த வாடகையைப் பெரிய எழுத்துக்களில் அறிவித்துக்கொண்டிருந்த மோட்டல் ஒன்றின் வாசலில் நானும் என் மகனும் இறங்கியபோது, எங்கள் இருவருக்கும் வேண்டியிருந்தது நித்திரை ஒன்றுதான். அறையில் குறை சொல்ல ஏதும் இல்லை. விரிப்பு வெளுப்பாக இருந்தது. குழாயில் வெந்நீர் தாராளமாக வந்தது. ஆயினும் விளக்கை அணைத்துப் படுத்த சற்றைக்கெல்லாம், அடுத்த அறையின் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களின் வார்த்தைகள் ஒன்று விடாமல் சுவரைக் கடந்து எங்கள் காதில் விழத் தொடங்கின. மாடியில் யாரோ நடந்தார்கள். படிக்கட்டின் கீழிருந்த ஐஸ் இயந்திரம் மணிக்குப் பல தடவை பனிக்கட்டிகளைத் தொட்டியில் கொட்டியது. ஜன்னலுக்கடியில் பொருத்தியிருந்த குளிர்சாதனம் உறுமிக்கொண்டு ஓடி, சட்டென்று நின்று, கண் மூடும் சமயத்தில் மறுபடி உறுமியது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு, மிக அருகில், இரண்டு நெடிய ஊதலும் ஒரு குறுகிய ஊதலும் மீண்டும் ஒரு நெடிய ஊதலுமாகச் சரக்கு ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. அதன் பின் என் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், நானும் உறங்கவில்லை.

அந்த இரவைப் பற்றிப் பிற்பாடு நிதானமாக யோசித்தபோது, அந்தச் சப்தங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும், அந்தக் காரணங்களுக்கெல்லாம் ஒரு சரித்திரமும் உண்டு என்பது விளங்கிற்று.

மோட்டல் என்ற சொல் பிறந்தது கலிபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்ஸிஸ்கோவுக்கும் நடுவழியில் இருக்கும் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில், 1925ஆம் ஆண்டில், ஆர்தர் ஹைனிமன் என்ற கட்டடக் கலைஞர், காரில் வருகிறவர்கள் காரோடு வந்து தங்கிச் செல்வதற்கென்றே ஒரு விடுதி அமைத்து, மோட்டார், ஹோட்டல் ஆகிய இரு சொற்களையும் இணைத்து அதற்குப் பெயர் சூட்டினார். மறு ஆண்டில் சிகாகோவையும் பசிபிக் கரையையும் இணைக்கும் 66ஆம் எண் சாலை ஏற்பட்டது. அதன் இருமருங்கிலும் இவ்விதமான விடுதிகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. அரிஸோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் அந்தச் சாலை பெரும்பாலும் பழைய ரயில் பாதையை ஒட்டியே சென்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த புதிய பெருஞ்சாலைகளுள் ஒன்றான 40ஆம் எண் சாலை பிற்காலத்தில் அந்தப் பழைய சாலையின் ஸ்தானத்தைப் பெற்றது. ஆகவே ஒரு பக்கம் ரயிலும் மறு பக்கம் இரவு பகலாக ஓடும் லாரிகளுமாக, இரண்டுக்கும் இடையே படுக்கை விரிக்கும் நிலை அவ்வட்டாரத்து மோட்டல்கள் பலவற்றிற்கு ஏற்பட்டுவிட்டது. ரயிலின் ஊதலும் ஓட்டுநரின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. சாலையைக் கடக்குமுன் 15 முதல் 20 வினாடி வரையில், இஞ்சினுக்கு முன்னே 100 அடி தூரத்தில் 96 டெசிபெலுக்குக் குறையாத ஒலியுடன் அவர் ஊத வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உயிர்களைக் காக்க ஏற்பட்ட அவ்விதியை நாம் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் வெளிச் சப்தத்தை அறைக்குள் விடாமல் தடுப்பது கட்டடத்தின் கடமை அல்லவா? 1962ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், ஓர் இரவுக்கு ஆறே டாலர் என்று, அந்த ஆறையே பெயரில் தாங்கி ஒரு மோட்டல் தொடங்கிய காலம் முதல், வேண்டாதவற்றையெல்லாம் நீக்கி வாடகையைக் குறைப்பது ஒரு தொழில் முறையாகவே வளர்ந்தது. சாமானியருக்கும் பிரயாணத்தை எட்டச் செய்த அந்த முறை மெச்சத்தக்கதே. எனினும், சிக்கனத்தை நாடிக் கட்டும்போது, கண்ணுக்குத் தெரியும் படுக்கையையும் கண்ணாடியையும் யாரும் குறைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சுவரின் கனமே குறைகிறது. மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்ஸம் பலகையை அறைந்து எழுப்பிய மெல்லிய சுவர் பார்வையைத் தடுக்குமே தவிர உரத்த பேச்சைத் தடுக்காது. சப்தத்தைத் தடுப்பது கனமும் இடைவெளியின்மையும். கதவின் கீழே விரலளவு சந்து இருந்தால், கதவு எவ்வளவு கெட்டியானதாயினும் அந்தச் சந்தின் வழியே சப்தம் புகுந்துவிடும்.

படுக்கையறையில் இடைவிடாத ஒலி 30 டெசிபெலுக்கும், விட்டுவிட்டு எழும் ஒலி 45 டெசிபெலுக்கும் மிகாதிருப்பது நல்ல உறக்கத்திற்கு வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999ஆம் ஆண்டில் வரையறுத்தது. இந்தக் கணக்கில் 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. ஒரே சீராக ஓடும் மின்விசிறியின் ஓசை நம்மைத் தாலாட்டவும், நின்று நின்று உறுமும் இயந்திரத்தின் ஓசை நம்மை எழுப்பவும் காரணம், காது மாறுதலையே கவனிக்கிறது என்பதுதான். இதனோடு, புதிய இடத்தில் முதல் இரவு உறங்குகிறவரின் மூளையில் இடப்பாதி வலப்பாதியைப் போல் ஆழ்ந்து உறங்காமல், காவல் இருப்பதுபோல் சற்று விழிப்புடனேயே இருக்கிறது என்று அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தினர் 2016ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். ஒரே ஓர் இரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கனுக்கு எல்லா இரவும் முதல் இரவே. அவனுக்கு மௌனம் மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

விடிந்ததும் சாவியைத் திருப்பித் தரச் சென்றேன். அமெரிக்க மோட்டல்களில் ஏறத்தாழப் பாதியை நடத்துகிறவர்கள் குஜராத்திலிருந்து சென்ற குடும்பத்தினரும் அவர்களுடைய சந்ததியாரும் என்பதைப் பலர் அறிவார்கள். இதை நடத்தியவரும் அவ்வினத்தைச் சேர்ந்த வயது முதிர்ந்த அம்மையார். அலுவலகத்திற்குப் பின்னாலேயே அவர் குடும்பம் வசித்தது. இரவு நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "பின்புறத்தில், மேல் மாடிக் கோடியில் இரண்டு அறைகள் காலியாகத்தானே இருந்தன! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, பாயி" என்றார்.

அவர் கொடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நள்ளிரவில் களைத்து வரும் பிரயாணிக்கு எந்த அறை அமைதியானது என்பது எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் சாவியைக் கொடுக்கிறவர் ஒருவரே. வாடகையைப் பலகையில் எழுதுகிறவர்கள், வந்தவரை நோக்கி, "சப்தமில்லாத அறை வேண்டுமா?" என்று கேட்பதையும் ஒரு வழக்கமாக்கிக்கொண்டால், அதற்குக் காசு செலவில்லை, விருந்தினன் உண்மையில் நாடி வந்த பொருள் அவனுக்குக் கிடைத்துவிடும். அந்த வழக்கம் ஏற்படும் வரையில் நாமே கேட்க வேண்டியதுதான். சாலைக்கும் ரயிலுக்கும் எதிர்ப்புறமாக, மேல் மாடியில், படிக்கட்டுக்கும் ஐஸ் இயந்திரத்திற்கும் தொலைவில் ஓர் அறை. மறுநாள் இரவு நியூ மெக்ஸிகோவில், அதே வாடகையுள்ள வேறொரு மோட்டலில், கையெழுத்திடுமுன் இதைக் கேட்டேன். மேஜையிலிருந்த இளைஞர் எடுத்துவைத்திருந்த சாவியை மாட்டிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அன்றிரவும் ரயில் போயிருக்கும். காலையில் என் மகன் என்னை எழுப்ப வேண்டியிருந்தது.