மேப்பிள் பாணியைத் தெளிவித்தல்: சிறு உற்பத்தியாளருக்கு வடிகட்டும் அழுத்துபொறி

பனையிலும் கித்துளிலும் இறக்கிய நீரைக் காய்ச்சிப் பாணி செய்வோர் நன்கறிந்த உண்மையொன்றுண்டு. நீரைக் காய்ச்சுதல் பாதி வேலையே. காய்ச்சியதைத் தெளிவாக்குதல் மற்றைப் பாதியாகும். வட அமெரிக்காவிலே மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சும் கமக்காரருக்கும் இதே இடர்ப்பாடு உளது. இதனைத் தீர்ப்பதற்கு அவர்கள் கையாளும் கருவிகளுள் வடிகட்டும் அழுத்துபொறி முக்கியமானது. தேங்காயெண்ணெய் ஆலைகளிலே எண்ணெயைத் தெளிவிக்கும் 'பில்டர் பிரஸ்' என்னும் பொறியின் சிறிய வடிவமே இது. இப்பொறி எவ்வாறு தொழிற்படுகின்றது, எவருக்குப் பயன்தரும், எவருக்கு வீண்செலவாகும் என்பன இங்கு விளக்கப்படும்.

சாறும் பாணியும்

உலகின் மேப்பிள் பாணியிற் பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாகாணத்திற் செய்யப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் வெர்மொண்ட் மாநிலம் இதில் முதலிடம் வகிக்கின்றது. குளிர்காலம் கழியுந் தறுவாயில், இரவில் நீர் உறையுங் குளிரும் பகலில் அக்குளிர் தளர்ந்த வெப்பமும் மாறி மாறி வரும் நாட்களிலேயே சாறு வடியும். இப்பருவம் பெரும்பாலும் 4 தொடக்கம் 6 வாரங்களே நீடிக்கும். மரங்கள் அரும்பு விடத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடும். ஆதலின் ஓராண்டு வருமானம் முழுவதும் அச்சில வாரங்களிலேயே தங்கியுள்ளது.

மேப்பிள் சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு சீனியே உண்டு. எத்துணைச் சாறு தேவை என்பதை அறிய அந்நாட்டார் இலகுவான கணக்கொன்றை வைத்துள்ளனர். 86 என்னும் எண்ணைச் சாற்றின் சீனி வீதத்தால் வகுத்தால், 1 லீற்றர் பாணிக்கு வேண்டிய சாற்றின் அளவு கிடைக்கும். சீனி நூற்றுக்கு 2 ஆயின் 43 லீற்றர் சாறு வேண்டும். 3 ஆயின் ஏறத்தாழ 29 லீற்றர் போதும். எஞ்சியது யாவும் ஆவியாகப் போக்கப்படல் வேண்டும். இவ்வளவு விறகும் இரவுபகலான உழைப்பும் செலவிட்டுப் பெற்ற பாணி இறுதியிற் கலங்கலாய் நிற்குமாயின் நட்டம் சிறிதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2015 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தர விதிகளின்படி, முதற்றரப் பாணியாக விற்கப்படுவது எந்நிறத்ததாயினும் கலங்கலின்றித் தெளிவாக இருத்தல் வேண்டும்.

சீனிமணல் தோன்றுமாறு

மரத்திலிருந்து இறங்கும் சாறு தண்ணீரைப்போற் றெளிவானது. மண்டி காய்ச்சும்பொழுதே பிறக்கின்றது. மரம் வேர்வழியாக உறிஞ்சிய கல்சியம் முதலிய கனிப்பொருள்கள் சாற்றிலுள்ள மலிக்கமிலத்துடன் சேர்ந்திருக்கும். நீர் குறையக் குறைய இவை கரைந்து நிற்க இடமின்றி நுண்ணிய துகள்களாகப் பிரியும். இதனையே அந்நாட்டார் சீனிமணல் என்பர். இது உடலுக்குத் தீங்கு செய்யாது. எனினும் நாவில் நறநறக்கும், சுவையைக் கெடுக்கும், போத்தலின் அடியில் மண்டியாகத் தங்கும். காய்ச்சுந் தட்டின் அடியிற் படிந்தாற் பாணி கருகவும் இடமுண்டு. இதன் அளவு தோட்டத்துக்குத் தோட்டமும், ஒரே பருவத்தில் நாளுக்கு நாளும் வேறுபடும்.

பழைய முறைகள்

முற்காலத்திற் பாணியை உயரமான கலங்களில் ஊற்றி, மண்டி அடியிற் படியுமட்டும் பல நாட்கள் வைத்திருந்து, மேலுள்ள தெளிவை இறுத்தெடுத்தனர். பின்னர்த் தடித்த கம்பளியாலான கூம்புவடிவப் பைகள் வழக்கில் வந்தன. இன்று அவை செயற்கை இழைகளாற் செய்யப்படுகின்றன. பைக்குள்ளே மெல்லிய வடிதுணிகள் சிலவற்றை இட்டு, ஒன்று அடைபட அதனை நீக்கி அடுத்ததைப் பயன்படுத்துவர். இம்முறைக்குச் செலவு குறைவு. ஆனால் பாணி தன் பாரத்தால் மட்டும் இறங்குவதால் நேரமெடுக்கும். நேரஞ்செல்லப் பாணி ஆறும், ஆறத் தடிக்கும், தடிக்க வடிதல் மேலும் மந்தமாகும்.

பொறியின் அமைப்பு

அழுத்துபொறியில் இருவகைத் தட்டுக்கள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று நடுவில் வெறுமையான சட்டம். மற்றது இருபுறமும் வரிப்பள்ளங்கள் உள்ள தட்டு. ஒவ்வொரு சட்டத்துக்கும் தட்டுக்கும் இடையில் வடிகாகிதம் ஒன்று வைக்கப்படும். அடுக்கு முழுவதும் ஒரு திருகினால் இறுக்கப்படும். பம்பி தள்ளும் பாணி சட்டங்களின் வெறுமைக்குட் புகுந்து, காகிதத்தைக் கடந்து, வரிப்பள்ளங்கள் வழியாக வெளிக்குழாயை அடையும். மண்டி சட்டத்தினுள்ளே தங்கி அடையாக இறுகும். சிறு உற்பத்தியாளருக்கென 7 அங்குலத் தட்டுக்களும் கைப்பம்பியும் உள்ள பொறிகள் கிடைக்கின்றன. பெரியவற்றை மின்மோட்டர் அல்லது அமுக்கிய காற்று இயக்கும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். பாணியை வடிப்பது காகிதமன்று. காகிதத்தின்மீது படியும் தயற்றம் மண்ணே. நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் சிலிக்காக் கூடுகள் படிந்து உண்டான வெண்பொடி இது. சீனிமணல் மென்மையானது, தனியே தள்ளினாற் காகிதத்தின் துளைகளை மெழுகியதுபோல் அடைத்துவிடும். தயற்றம் மண்ணோ நசுங்காது, தன்னுள்ளே எண்ணிறந்த நுண்வழிகளைத் திறந்து வைத்திருக்கும். அதனோடு கலந்து செல்லும் சீனிமணல் அடையில் அகப்பட, பாணி மட்டும் கடந்து செல்லும்.

இம்மண் உணவுக்கென்று தயாரிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். நீச்சற்குளங்களுக்கென விற்கப்படுவதை ஒருபோதும் உபயோகித்தலாகாது. எவ்வகையாயினும் அதன் தூசியைச் சுவாசித்தல் நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் அளந்து கொட்டும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளல் அவசியம்.

வடிகட்டுமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பாணியின் பதம். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ 4 பாகை செல்சியசு ஏறும்போது மேப்பிள் பாணி பதமடையும். நீரின் கொதிநிலை காற்றமுக்கத்தோடு மாறுவதால் அதனை அன்றன்று அளந்து பார்த்தல் வேண்டும். பின்னர் நீரடர்த்திமானி கொண்டு சோதித்தல் நலம். சீனி நூற்றுக்கு 66 பங்குக்குக் குறைதலாகாது. பதத்தைத் திருத்த வேண்டுமாயின் வடிகட்டுமுன்னரே திருத்துக. வடித்தபின் மீண்டும் காய்ச்சினாற் புதிய சீனிமணல் தோன்றி, செய்த வேலை வீணாகும்.

இரண்டாவது, சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய பாணி, கொதி அடங்கியதும் சூடு ஆறுமுன் பொறிக்குச் செல்லல் வேண்டும். 82 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க விடலாகாது. குளிர்ந்த பாணியைப் பம்பியால் வலிந்து தள்ளுதல் பொறிக்கும் காகிதத்துக்கும் கேடு.

மூன்றாவது, அடுக்குதல். காகிதங்கள் சுருக்கமின்றி, அவற்றின் துளைகள் தட்டின் துளைகளோடு நேராகப் பொருந்தியிருத்தல் வேண்டும். ஒரு காகிதம் மடிந்திருப்பினும் மண் பாணியோடு கலந்து வெளிவரும்.

வடிகட்டும் முறை

1. சூடான பாணியிற் சிறிதளவை வேறொரு கலத்தில் எடுத்து, பொறிக்குக் குறிக்கப்பட்ட அளவு தயற்றம் மண்ணை அதிற் கட்டியின்றிக் கலக்குக.

2. இக்கலவையை முதலிற் பொறிக்குட் செலுத்துக. வெளிவருவதைப் போத்தலில் இடாது, தெளியுமட்டும் அதே கலத்துக்குத் திருப்புக. இதனாற் காகிதங்களின்மேல் மண் ஒரே சீராகப் படியும்; பொறியும் சூடேறும்.

3. தெளிந்த பாணி வரத் தொடங்கியதும் எஞ்சிய பாணியைச் செலுத்துக. அதிலும் மண் சேர்ந்திருத்தல் வேண்டும். சீனிமணல் மிகுந்த நாளில் மண்ணும் மிகுதியாக வேண்டப்படும்.

4. இடையில் பம்பியை நிறுத்தலாகாது. அமுக்கம் தளர்ந்தால் அடை சரிந்து, மீண்டும் தொடங்கும்போது கலங்கல் வெளிவரும். கலம் வற்றிப் பம்பி காற்றை இழுக்கவும் விடலாகாது.

5. அமுக்கமானியை இடைவிடாது பார்த்திருத்தல் வேண்டும். அடை தடிக்க அமுக்கம் மெல்ல ஏறுவது இயல்பே. பொறிக்குக் குறித்த எல்லையை அது அடைந்து ஒழுக்கும் குறையுமாயின் சட்டங்கள் நிறைந்துவிட்டன எனக் கொள்க. அதற்கு மேற் றள்ளினாற் காகிதம் கிழியும். அமுக்கத்தை இறக்கிய பின்னரே திருகைத் தளர்த்துக. சூடான பாணி தெறித்தாற் கடும் புண் உண்டாகும்.

வடித்த பாணியை 82 தொடக்கம் 85 பாகைச் சூட்டிற் போத்தலில் இட்டு உடனே மூடிவிடல் வேண்டும். சூடு குறைந்திருப்பின் மெதுவாகச் சூடேற்றலாம், கொதிக்க விடலாகாது.

வேலை முடிந்ததும் அடையை அகற்றி, காகிதங்களை எறிந்து, தட்டுக்களையும் பம்பியையும் வெந்நீராற் கழுவி நன்கு உலர்த்துக. சவர்க்காரம் வேண்டாம், அதன் மணம் அடுத்த பாணியில் ஏறும். பம்பியினுள்ளே பாணி காய்ந்து இறுகினால் மறுநாள் அது சுழலாது. ஈயப்பற்று வைத்த பழைய கலங்களையும் குழாய்களையும் இத்தொழிலில் உபயோகித்தலாகாது.

வழுக்களும் பரிகாரமும்

தொடங்கியவுடன் அமுக்கம் விரைந்து ஏறுமாயின், மண் போதாது, அல்லது பாணி ஆறிவிட்டது, அல்லது பதம் மிஞ்சிவிட்டது என அறிக. வெண்பொடி கலந்து பாணி வருமாயின் காகிதம் மடிந்தோ கிழிந்தோ இருக்கும். தட்டுக்களின் ஓரத்திற் சில துளிகள் கசிதல் இயல்பு. தாரையாக ஒழுகினால் ஓரங்களில் அழுக்கு உண்டா என நோக்கித் திருகை மீண்டும் இறுக்குக. வடித்தபொழுது தெளிவாயிருந்த பாணி போத்தலிற் சில நாட்களிற் கலங்குமாயின், குற்றம் பொறியில் அன்று. போத்தலிடும்போது அது மிகச் சூடேற்றப்பட்டது.

எவருக்கு ஏற்றது?

மரத்தில் இடும் துளையொன்றுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1 லீற்றர் பாணி என்பது பொதுவான மதிப்பு. பத்து இருபது துளைகள் மட்டும் இட்டு வீட்டுத் தேவைக்குக் காய்ச்சும் குடும்பத்துக்குக் கூம்புப் பையே போதுமானது. பொறியை வாங்கினால், ஒவ்வொரு முறையும் அடையிலும் குழாயிலும் தங்கும் பாணியே அவர்களுக்குப் பெரிய இழப்பாகும். நூறு துளைகளும் அதற்கு மேலும் இட்டு விற்பனை செய்வோர் பை முன்னே காத்திருந்து இரவைக் கழிப்பதைக் காட்டிலும் கைப்பம்பிப் பொறியொன்றை நாடுதல் தகும். அண்டையிலுள்ள இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கவும் கூடும். ஆனால் சாறு எல்லாருக்கும் ஒரே நாட்களிலேயே வடியுமாதலால், முறைவைத்துப் பயன்படுத்த முன்கூட்டியே உடன்படல் வேண்டும். வாங்குவோர் தாம் ஒருமுறையிற் காய்ச்சும் அளவுக்கேற்பச் சட்டங்களைத் தெரிதல் நன்று. பாதி நிறைந்த சட்டத்தில் அடை இறுகாது சேறாகவே நிற்கும்; அச்சேற்றிற் பாணியும் தங்கும்.

பனம் பாணி செய்வோர் அறிய வேண்டியது

இப்பொறியைப்பற்றி அறிந்தவுடன் பனம் பாணிக்கும் இதுவே முதன் மருந்து எனக் கருதுதல் பொருந்தாது. மேப்பிள் பாணியின் மண்டி காய்ச்சும்போது பிறப்பது. கருப்பநீரின் மண்டியோ, புளிப்பைத் தடுக்க முட்டியிற் பூசிய சுண்ணாம்பின் மிகுதியாய்க் காய்ச்சுமுன்னரே அதில் உள்ளது. ஆதலின் கருப்பநீரை அடுப்பில் ஏற்றுமுன் தெளிய வைத்து, அடிமண்டி கலங்காமல் இறுத்து, சுத்தமான துணியால் வடித்தலே முதற்கண் செய்யத்தக்கது. அதனைச் செய்யாது பாணியான பின் பொறியை நாடுவோர் சுண்ணாம்பையும் சேர்த்தே காய்ச்சியவராவர். அழுக்கு எங்கு பிறக்கின்றதோ அதனையொட்டி வடிக்கும் நேரத்தைத் தெரிதலே இருசாராருக்கும் பொதுவான விதி. பாணியை வடிக்க நேருமாயின், பதம் பார்த்த பின்னர்ச் சூடு ஆறுமுன் வடித்தல் என்பதும் எந்த மரத்துப் பாணிக்கும் பொருந்தும்.