பதின்மூன்று மைக்ரான் இடைவெளி

கோவையில் மோட்டார் ஷாஃப்ட் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் தரம் பார்க்கிறேன். 6205 பேரிங்கின் உள்துளை 25 மில்லிமீட்டர். அதில் ஏறும் ஷாஃப்ட்டுக்கு டிராயிங்கில் கே6 என்று போட்டிருந்தால், அளவு 25.002 முதல் 25.015 வரை இருக்கலாம். மொத்தம் 13 மைக்ரான். தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன்.

வரம்புக்குள் வந்தால் போதாதா என்பார்கள். போதாது. 25.014 வந்தாலும் பாஸ்தான். ஆனால் கல் தேயத் தேய ஷாஃப்ட் பெருக்கும், அடுத்தடுத்த பீஸ் வெளியே போய்விடும். அதனால் இலக்கை 25.008 பக்கம் வைக்கிறோம்.

புதுப் பையன்கள் ஒரு மைக்ரான் ஏறினாலே செட்டிங்கைத் திருத்துவார்கள். அப்படிச் செய்தால் வேறுபாடு கூடத்தான் செய்யும். எந்த மெஷினும் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தை அளந்து, சராசரிக்கு இருபுறமும் மூன்று சிக்மா (சிக்மா என்பது சிதறலின் அளவு) தூரத்தில் வரைபடத்தில் கோடு போடச் சொன்னவர் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட், 1924-ல். அளந்த அளவுகளைக் குறிக்கும் புள்ளிகள் கோட்டுக்குள் சீராகச் சிதறிக் கிடந்தால் கை வைக்கக் கூடாது. தாண்டினால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். டிராயிங் வரம்பு வாடிக்கையாளர் கேட்பது. இந்தக் கோடு மெஷின் சொல்வது. இரண்டும் வேறு.

ஒருமுறை எங்கள் சரக்கு திரும்பி வந்தது, பேரிங் லூஸ் என்று. கிரைண்டிங் முடிந்த சூட்டோடு அளந்திருந்தோம். 25 மில்லிமீட்டர் எஃகு, 10 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 3 மைக்ரான் விரியும். ஆறியதும் அளவு கீழே இறங்கிவிட்டது.

தம்பிகளே, ஷாஃப்ட்டை ஆறவிட்டு அப்புறம் மைக்ரோமீட்டரை எடுங்கள்.