வெட்கத்தில் வளரும் வியாதி

வியாதிகளுள் சில நோயாளியின் தேகத்தை மட்டும் வருத்துகின்றன. வேறு சில அவன் வாயையும் அடைத்துவிடுகின்றன. ஜுரம் கண்டவன் அதை ஊரறியச் சொல்லுவான். ஓயாத வயிற்றுப்போக்குக் கண்டவனோ மனைவியிடம் சொல்லவும் கூசுவான். க்ரோன் வியாதி இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. அதனை அறிதல் வைத்தியர்களின் வேலையேயன்றி நம்முடையதன்று என்று நாம் வாளாவிருத்தல் தகாது.

1913-ல் கிளாஸ்கோ நகரத்து ரண வைத்தியர் டால்ஸீல் இத்தகைய குடல் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்றமையால் க்ரோனின் பெயரே நோய்க்கு நிலைத்தது.

தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குதல் இந்நோயின் இயல்பு. பெரும்பாலும் சிறுகுடலின் கடைக்கோடியில் அது குடிகொள்ளும்; ஆயினும் வாய் முதல் ஆசனவாய் ஈறாக எவ்விடத்தும் தோன்றலாம். குடற்சுவர் முழு ஆழத்துக்கும் புண்பட்டுத் தடிக்கும், வழி குறுகும், சிலருக்குப் பவுத்திரமும் உண்டாகும். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று; ஒழுக்கக் கேட்டின் பயனுமன்று.

நமது தேசத்தில் இதற்கு ஒரு தனித் தொல்லையுண்டு. குடலைப் பற்றும் க்ஷயரோகமும் அதே இடத்தையே பெரிதும் நாடுகிறது. வயிற்று வலி, ஜுரம், மெலிவு ஆகிய அதே குறிகளையே காட்டுகிறது. 1956-ல் தொடங்கிய சென்னை ஆராய்ச்சி, க்ஷயரோகிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமென்று உலகத்துக்கு மெய்ப்பித்தது. அந்தப் பெருமை நமக்குண்டு. ஆனால் க்ஷயம் மலிந்த நாட்டில் எல்லாக் குடற்புண்ணும் க்ஷயமாகவே தோன்றுவதும் இயல்பன்றோ? க்ரோன் நோயாளி க்ஷய மருந்தை மாதக்கணக்கில் உண்டு காலத்தை இழக்கிறான். மாறாக, க்ஷயரோகியை க்ரோன் நோயாளியென்று எண்ணி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் க்ஷயம் பொங்கியெழும். சாட்சியம் முற்றும் கேளாமல் தீர்ப்பெழுதுவதை ஒக்கும் இது. குழாய்க் கருவியால் குடலைப் பார்த்து, சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, மருந்து தொடங்கியபின் மீண்டும் பார்த்துத் தெளிதலே முறை. இரண்டு மாதத்தில் தேறாத நோயாளி, "வேறு வியாதியோ?" என்று வைத்தியரைக் கேட்க அஞ்சலாகாது.

இந்நோயை வேரறுக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உள. நோய் அடங்கியதென்று மருந்தைத் தாமே நிறுத்துவோர் பெருந்தீங்கைத் தேடிக்கொள்ளுகின்றனர். பீடியும் சிகரெட்டும் நோயை மூட்டும் விறகாம். சிறுகுடலின் கடைக்கோடி பழுதுற்றால் பி-12 ஜீவசத்துச் சேராது. ஆதலின் இரத்தப் பரீட்சையும் அவசியம்.

மருந்து கிடைத்தாலும் வாழ்க்கை எளிதாகிவிடுவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒரு வாலிபனுக்கு இந்நோய் கண்டதாக எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் பத்து முறை அவன் வெளியே போகவேண்டும். மேற்பார்வையாளர் அவனைச் சோம்பேறி என்பார், தோழர்கள் நகைப்பர். ஆவடியிலிருந்து சென்னை செல்லும் புறநகர் மின்சார ரயிலில் கழிப்பிடம் இல்லை. பயணமோ ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறுவோனுக்கும் இதே கதி. உண்டால் போகவேண்டி வருமென்று அவன் பட்டினி கிடந்து வேலைக்குச் செல்லுவான். மருந்து காத்த தேகத்தை வெட்கம் வாட்டுகிறது.

1948-ம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டம், தொழிலாளி ஆலையிலிருக்கும் எந்நேரத்திலும் அணுகத்தக்கதாய்க் கழிப்பிடம் இருத்தல் வேண்டுமென்று விதித்தது. பின்னர் வந்த 2020-ம் வருஷத்துத் தொகுப்பும் ஆலைகளில் கழிப்பிடம் அமைக்கும் கடமையைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் க்ரோன் நோயுற்ற ஒரு சிறுமிக்குக் கடையொன்றில் கழிப்பிடம் மறுக்கப்பட்டது. அதன் பயனாக, இத்தகைய நோயாளிகளுக்குக் கடை ஊழியரின் கழிப்பிடத்தைத் திறந்துவிட வேண்டுமென்று இல்லினாய் மாகாணம் 2005-ல் சட்டம் செய்தது. கடை ஊழியர் உட்கார ஆசனம் அளிக்கவேண்டுமென்று 2021-ல் சட்டம் செய்த தமிழ்நாடு, இதனையும் செய்யலாகாதா?

தொழிற்சங்கங்களின் தலைவர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. வைத்தியர் சான்று பெற்ற தொழிலாளி அனுமதி கேளாமல் கழிப்பிடம் செல்லும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். ரயில் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் கழிப்பிடங்கள் பூட்டின்றிச் சுத்தமாய் இருக்கக் கிளர்ச்சி செய்யுங்கள். கடைகளின் கதவு நோயாளிக்குத் திறக்கச் சட்டம் கேளுங்கள்.

கூலி உயர்வுக்காகக் குரலெழுப்ப நாம் வெட்கப்பட்டதில்லை. கழிப்பிடத்துக்காகக் குரலெழுப்பவும் வெட்கப்பட வேண்டுவதில்லை. அந்த வெட்கத்தை முதலில் நாம் விட்டாலன்றி, நோயாளி விடப்போவதில்லை.