வீட்டுச் சொத்தில் முதலீடு: தொடங்குவோர் அறிய வேண்டுவன

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 லட்சம் வீடுகள் குடியிருப்போரின்றிப் பூட்டிக் கிடந்தன. மறுபுறம், மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு, 2012-இல் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 88 லட்சம் என மதிப்பிட்டது. பற்றாக்குறையில் பெரும்பகுதி குறைந்த வருவாய்ப் பிரிவினரைச் சார்ந்தது. பூட்டிய வீடுகளுள் பலவோ, விலை ஏறும் என்னும் எதிர்பார்ப்பில் வாங்கி வைக்கப்பட்டவை. புதிதாகச் சொத்தில் முதலீடு செய்ய முனைவோர் இந்த முரண்பாட்டை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

வாடகையே அளவுகோல்

சொத்தின் விலை நாளை எவ்வளவு உயரும் என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. அது இன்று எவ்வளவு வாடகை ஈட்டும் என்பதையோ எவரும் விசாரித்து அறியலாம். நம் பெருநகரங்களில் குடியிருப்பு வீடுகளின் ஆண்டு வாடகை, பொதுவாக விலையில் 2 முதல் 4 சதவீதம் வரையே அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வீட்டின் விலை 50 லட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் 7 சதவீதம் எனக் கொண்டால் மொத்த அடக்கம் 53.5 லட்சம். மாத வாடகை 12,000 ரூபாய் எனில் ஆண்டு வருவாய் 1,44,000. வீடு ஒரு மாதம் காலியாக இருப்பதற்கு 12,000, சொத்து வரி, பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு 24,000 எனக் கழித்தால் எஞ்சுவது 1,08,000 ரூபாய். இது முதலீட்டில் சுமார் 2 சதவீதமே.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே இவ்வீட்டுக்கு 40 லட்சம் வரை கடன் பெறலாம். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 36,000 ரூபாய் ஆகும். நிகர வாடகை மாதத்துக்கு 9,000 மட்டுமே. எஞ்சிய 27,000 ரூபாயைக் குடும்பத்தின் பிற வருவாயிலிருந்து மாதந்தோறும் செலுத்த வேண்டும். அது இயலாதவருக்கு விலை உயர்வு மட்டுமே புகலிடம். அந்நிலையில் அது முதலீடு என்பதினும் ஊக வாணிகம் என்பதே பொருந்தும்.

பதிவு வேறு, உரிமை வேறு

நம் நாட்டில் பதிவு செய்யப்படுவது ஆவணமேயன்றி உரிமையன்று. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பத்திரம் பதிவாகிவிட்டதால் மட்டும் விற்றவரின் உரிமை குறையற்றதாகிவிடாது. ஆகவே மூலப்பத்திரம் தொடங்கி உரிமைத் தொடர்ச்சியை ஆராய்தல், வில்லங்கச் சான்றிதழ் பெறுதல், வருவாய்த்துறைப் பதிவேட்டைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. தமிழ்நாட்டில் பட்டா எனவும் மகாராஷ்டிரத்தில் 'ஏழு-பன்னிரண்டு' எனவும் இப்பதிவேட்டுச் சான்று மாநிலந்தோறும் வெவ்வேறு பெயரால் வழங்குகிறது. பொது அதிகாரப் பத்திரத்தின் வாயிலாக மட்டும் நடைபெறும் விற்பனை உரிமையை மாற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியது.

கட்டி முடியாத வீடுகள்

கட்டுமானத்திலுள்ள வீட்டின் விலை குறைவு, இடர் மிகுதி. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இவ்விடரைக் குறைக்க முயன்றது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறலாகாது. ஆயினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. சிறு முதலீட்டாளர் பெரும்பாலும் நாடுவது இத்தகைய சிறு திட்டங்களையே. சட்டத்தின் காவல் குறையும் இடத்தில் வாங்குவோரின் விழிப்பு கூடியாக வேண்டும்.

போட்டியில் பொறுமை

வாங்குவோர் பலர் திரளும் சந்தையில், இன்றே முன்பணம் தராவிடில் வாய்ப்புப் போய்விடும் என்ற நெருக்கடி இயல்பாகவே எழும். பணபலத்தில் பெரிய முதலீட்டாளருடன் புதியவர் போட்டியிட இயலாது. ஆனால் உடனே வாங்கியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஒரே பகுதியைத் தேர்ந்து, அங்கு உண்மையில் கைமாறும் விலைகளையும் வாடகைகளையும் சில மாதங்கள் குறித்து வருதல் நலம். தேசிய வீட்டுவசதி வங்கி 2007 முதல் வெளியிட்டுவரும் 'ரெசிடெக்ஸ்' வீட்டு விலைக் குறியீடும் விலைப் போக்கை அறிய உதவும்.

சிறு தொகை உடையோர்க்கு வேறொரு வழியும் உண்டு. 'ரீட்' எனப்படும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளுக்குச் செபி 2014-இல் விதிகள் வகுத்தது. முதல் அறக்கட்டளை 2019-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இவை தம் சொத்தில் குறைந்தது 80 சதவீதத்தைக் கட்டி முடிந்து வருவாய் தரும் கட்டடங்களில் இட வேண்டும். பகிர்ந்தளிக்கத்தக்க நிகர வருவாயில் குறைந்தது 90 சதவீதத்தை அலகுதாரர்களுக்கு வழங்க வேண்டும். எனினும் அலகின் விலை சந்தையில் ஏறவும் இறங்கவும் கூடும்.

வாடகைக்கு விடும் நோக்குடன் வாங்கப்படும் வீடு உரிமையாளருக்கு வருவாயும் ஒரு குடும்பத்துக்கு உறைவிடமும் தருகிறது. பூட்டி வைக்கப்படும் வீட்டில் சேமிப்பும் முடங்குகிறது, சிமெண்டும் இரும்பும் முடங்குகின்றன. வாடகைக் கணக்கைப் பார்த்து வாங்கும் வழக்கம் பரவுமாயின், தனிமனிதர் சேமிப்பு காக்கப்படுவதோடு நாட்டின் வீட்டுப் பற்றாக்குறையும் ஓரளவேனும் குறையும்.